வெள்ளிக்கிழமைப் புகை

எங்கள் எஸ்டேட் கோயிலுக்கு ஐம்பது வருஷம் ஆகிறது என்று மலர் ஒன்று அச்சடித்திருக்கிறார்கள். வழவழப்பான தாள், கலர் அட்டை. நாலாம் பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு ரைட்டர் ஆரோக்கியதாஸின் படம். அதன் கீழே, 'நம் மக்களுக்கு ஒருசந்தியின் மேன்மையைக் கற்பித்தவர்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் மலரை மூடி வைத்துவிட்டேன். மறுபடி எடுத்துக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தேன். மரியபுஷ்பத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சரி, அவர்கள் எழுதாவிட்டால் போகிறார்கள், நான் எழுதுகிறேன். என் பேர் லாசர். முப்பத்தொரு வருஷம் இந்தக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவன். மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, சாமியாருக்குப் பூசைச் சாமான் எடுத்து வைப்பது, பெரிய வெள்ளியன்று சனங்கள் முத்தி செய்ய, அதாவது முத்தமிட, சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, இதெல்லாம் என் வேலை. எனக்கு முன்னால் என் அப்பா இதே வேலையைப் பார்த்தார். எழுதுகிற வித்தை எனக்குத் தெரியாது. நடந்தது தெரியும். அதில் என் யோக்கியதை என்ன என்பதும் தெரியும், அதையும் ஒளிக்காமல்தான் எழுதப்போகிறேன்.

மரியபுஷ்பம் எங்கள் எஸ்டேட் லைனில் பிறந்தவள். லைன் என்பது கூலிக்காரர்களுக்கு எஸ்டேட் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடுகளின் வரிசை. தகரக் கூரை. மொத்தம் இருபத்தாறு வீடு, அவளுடையது கடைசி. பருவத்தில் காப்பிப்பழம் எடுப்பாள், மற்ற மாசங்களில் களை வெட்டுவாள். ஆள் கட்டை, குரல் பெரிசு. அவள் கோயிலில் பாட்டு எடுத்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம். பழக்கூடை நிறுக்கிற இடத்திலும் அந்தக் குரல்தான். "ஏனுங்க ரைட்டரே, முள்ளு இன்னும் ஆடிக்கிட்டே இருக்குது, அதுக்குள்ள எழுதறீங்க" என்று கேட்டுவிடுவாள். இன்னொரு தரம் நிறுக்கவைக்காமல் நகர மாட்டாள். ஆரோக்கியதாஸுக்கு அவளைக் கண்டாலே ஆகாது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அவள் புருஷன் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி, விழுந்து செத்துப்போனான். அதற்கு முன்பே ஒரு பிள்ளை பிறந்து, கைக்குழந்தையாகவே தவறிவிட்டது. தவறியது தெரியும், ஏன் தவறியது என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டதும் இல்லை. தனிக்கட்டையாக நாலு கோழிகளோடு அந்தக் கடைசி வீட்டில் இருந்தாள்.

ஒருசந்தி என்பது தவக்கால நாற்பது நாளும் ஒரே வேளை வயிறாரச் சாப்பிடுவது. எங்கள் லைனில் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். சாயந்திரம் சிலுவைப்பாதைச் செபம் முடிகிற வரைக்கும் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அன்றைக்கு மிச்சமாகிற அரிசியைப் பிடிப் பிடியாகக் கோயில் பானையில் போட்டு வைப்போம். பெரிய வெள்ளியன்று அதில் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றுவோம். யாரும் சட்டம் போட்டு வந்ததல்ல, சனங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். நல்ல வழக்கம்தான். அதைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்க ஒரு ரைட்டர் வரவேண்டியிருந்தது.

நான் சொல்லப்போவது எண்பத்து மூன்றாம் வருஷத்துத் தவக்காலம். முந்தின வருஷம் மழை பொய்த்துவிட்டது. காப்பிப்பழம் தை மாசத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. எப்போதுமே தவக்காலம் எங்களுக்கு வேலை குறைந்த மாசங்களில்தான் வரும். மற்ற ஊர்க்காரர்கள் நிறைந்த வயிற்றோடு ஒருசந்திக்குள் போவார்கள். நாங்கள் பாதி வயிற்றோடு போவோம். அந்த வருஷம் அந்தப் பாதியும் இல்லை. எஸ்டேட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு மத்தியானம் கொட்டகையில் ராகிக் கஞ்சி ஊற்றுவார்கள். அதுதான் லைன்காரர்களுக்கும், பக்கத்துச் சிற்றூர் வளவுகளிலிருந்து களை வெட்ட வருகிற மலைக்காரர்களுக்கும் உயிர்ப்பிடிப்பாக இருந்தது.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்னால் ஆரோக்கியதாஸ் என்னை எஸ்டேட் ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதுகிற ரைட்டரும் அவர்தான், கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். சாமியார் ஏற்காடு டவுனில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற ஆறு நாளும் எங்கள் கோயில் ரைட்டர் கையில்.

"லாசரு, தவக்காலம் முடியற வரைக்கும் மத்தியானக் கஞ்சியை நிறுத்தியாச்சு" என்றார். "சனங்க ஒருசந்தி இருக்கோணுமில்ல. வெள்ளிக்கிழமை வேலையும் கெடையாது. பக்தியா இருக்கட்டும்."

"கூலி வருமுங்களா?"

"வேலை செய்யாத நாளைக்கு ஏதுப்பா கூலி?"

"மலைக்காரங்களும் வேலைக்கு வாராங்களேங்க. அவங்களுக்கு ஏதுங்க தவக்காலம்?"

"ஒரு கொட்டாய்ல ரெண்டு நாயம் வைக்க முடியுமா? அவங்களும் கொஞ்சம் பக்தியாத்தான் இருக்கட்டுமே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சாமியார் ஒருசந்தியைப் பற்றிச் சொன்னாரே தவிர, இன்னொருத்தன் கஞ்சியை நிறுத்து என்று ஒருநாளும் சொல்லவில்லை. ராகி மிச்சமானதில் மேனேஜரிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டார் ரைட்டர். அடுத்தவன் பட்டினியைக் கொண்டுபோய்த் தனக்கு நல்ல பேர் வாங்கிக்கொள்கிறவனுக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மலரில் வைத்த பேர் நிச்சயமாக இல்லை.

அன்றைக்கு எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். மணிக்கூண்டு இருக்கிற மேட்டிலிருந்து பார்த்தால் லைன் முழுக்கத் தெரியும். வெள்ளிக்கிழமை எந்தக் கூரையில் புகை கிளம்புகிறதோ அந்த வீட்டுப் பேரை அவரிடம் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் ஜீப் ஏறியதும் அந்தப் பேரை எல்லோர் முன்னாலும் படிப்பார். அந்த வீட்டுக்குப் பெரிய வெள்ளிக் கஞ்சி கிடையாது. நான் சரிங்க என்றேன். கோயில் காரியம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசி வீட்டுக் கூரையில் புகை எழுந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, தாராளமாக. நான் நேரே ரைட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டம்மா பம்ப் ஸ்டவ்வில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். நெய் மணம் வாசல் வரைக்கும் வந்தது. "எனக்கு அல்சரு, டாக்டர் வயித்தைக் காயப்போடக் கூடாதுன்னுட்டாரு" என்றார் ரைட்டர். அல்சர் வீட்டில் அவருக்கு மட்டும்தான், தட்டு நாலு இருந்தது. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் புகை வராது. அதை யாரும் மேட்டில் நின்று பார்க்க முடியாது. அந்த உப்புமாவைத் தின்றுவிட்டுத்தான் மரியபுஷ்பத்தின் பேரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் புகைக்குக் கீழே என்ன நடந்தது என்பது எனக்குப் பெரிய வெள்ளியன்றுதான் தெரிந்தது. படிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் முட்டாளாக இருந்த மாதிரி நீங்களும் நாற்பது நாள் இருக்கவேண்டாம்.

வாழவந்தி போகிற தடத்தில், எங்கள் மேட்டுக்கு எதிர்ச் சரிவில், பன்னிரண்டு வீட்டு வளவு ஒன்று இருக்கிறது. மலைக்காரர்கள். அங்கிருந்து அத்தாயி என்கிற பெண் களை வெட்ட வந்துகொண்டிருந்தாள். மூன்று மாசக் கைக்குழந்தை, பெண் குழந்தை. அவள் புருஷன் வெள்ளையன் கிணறு வெட்டுகிற வேலை தேடிச் சேலத்துப் பக்கம் இறங்கிவிட்டான். காட்டில் சாமை காய்ந்துவிட்டது. வீட்டில் மாமியாரும் சின்னஞ்சிறுசுகளுமாக ஆறு வாய். எஸ்டேட்டில் ஊற்றுகிற மத்தியானக் கஞ்சி ஒன்றுதான் அத்தாயிக்கு ஒழுங்கான சாப்பாடு. ஏற்கெனவே குறைந்திருந்த பால், அதை நிறுத்திய மூன்றே நாளில் வற்றிவிட்டது.

பக்கத்து நிரையில் களை வெட்டிக்கொண்டிருந்த மரியபுஷ்பம்தான் அதைக் கண்டுபிடித்தாள். காப்பிச்செடி நிழலில் துணியில் கிடந்த குழந்தையிடமிருந்து சத்தமே இல்லை.

"ஏன் புள்ள, கொழந்தை கத்தவே மாட்டேங்குது?"

"கத்தறதுக்குத் தெம்பில்லீங்கக்கா" என்றாள் அத்தாயி.

மரியபுஷ்பம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்கே தன் மத்தியானச் சோற்றை அவளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தாள். அதில் இரண்டு சிக்கல். மலைக்காரர்கள் லைன் வீட்டில் சமைத்ததைத் தொடமாட்டார்கள். தொட்டால் வளவில் சேர்க்க மாட்டார்கள். கொட்டகைக் கஞ்சியை அவர்கள் குடித்ததே, அதைக் காய்ச்சியவள் அவர்கள் ஆள் என்பதால்தான். சரி, அரிசியாகக் கொடுத்து அனுப்பலாம் என்றால் அது வீட்டில் ஆறு வாய்க்குப் போய்விடும், பால் கொடுக்கிறவளுக்குப் பானையின் அடிதான் மிஞ்சும்.

"எங்கூட்டு அடுப்பு இருக்குது" என்றாளாம் மரியபுஷ்பம். "புதுச் சட்டி ஒண்ணு வெச்சிருக்கறேன், அதுல நான் பொங்கலை. அரிசி தாரேன், நீயே உன் கையால பொங்கி, இங்கேயே உக்காந்து தின்னுட்டுப் போ. உன்ர ஊர்க்கட்டு உன்னோட இருக்கட்டும் கண்ணு. புள்ளைக்குப் பாலு வரோணும், அவ்வளவுதான்."

அதுதான் அந்தப் புகை. ஒருநாள் இல்லை, நாற்பது நாளும். அத்தாயி வேலை நாளில் மத்தியான இடைவேளையில் பின்பக்கக் காப்பிச்செடி வழியாக வந்து பொங்குவாள், வெள்ளிக்கிழமை காலையிலேயே வருவாள். வெள்ளிக்கிழமை என்பதற்காகக் குழந்தை பால் கேட்காமல் இருக்குமா? கோயில் பானையில் போடவேண்டிய பிடி அரிசியும் அந்தப் புதுச் சட்டிக்குள்தான் போனது. மரியபுஷ்பம் சாயந்திரம் ஒரே ஒரு வேளை, அதையும் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டாள். லைனிலேயே உண்மையாக ஒருசந்தி இருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் பேரைத்தான் நான் ஒவ்வொரு வாரமும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு ரைட்டர் பேரைப் படித்ததும் அவள் எழுந்து நின்று, "ஆமாங்க, எரிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

"ஏம்மா புஷ்பம், வாரத்துல ஒரு நாளு பொறுக்க முடியாதா உனக்கு?"

"பொறுக்க முடியாதுங்கண்ணா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு புரிந்தது. அத்தாயி லைனுக்கு வந்துபோவது ரைட்டருக்குத் தெரிந்தால் அவள் வேலையை நிறுத்திவிடுவார். வளவில் தெரிந்தால், தன் கையால் பொங்கியதுதான் என்று அவள் தலையில் அடித்துச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஆகவே ஊர்வாயில் விழுந்தது மரியபுஷ்பத்தின் பேர் மட்டும். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் என்று அவள் பேர் படிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. லைனில் பெண்கள் குழாயடியில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். தின்னிப் பண்டாரம் என்று ஒருத்தி காதுபடச் சொன்னாள். அந்தக் குரல்காரி, முள் ஆடுகிறது என்று ரைட்டரிடமே மல்லுக்கு நின்றவள், இதற்கெல்லாம் வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்குக் காலையில் கடைசி வீட்டிலிருந்து புகை மட்டும் வரவில்லை. கோழி வேகிற மணம் வந்தது. கிறிஸ்துமஸிலிருந்து பாஸ்காவுக்கு, உயிர்ப்புத் திருநாளுக்கென்று அவள் வளர்த்த வெடைக்கோழி. வீட்டுக்குப் பின்னால் இறகு கிடந்ததை நாலு பேர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். பெரிய வெள்ளியன்று சீக்காளிகூடக் கவுச்சி தொடமாட்டான். இருபத்தாறு வீடும் வயிறு காய்ந்து கிடக்க, அந்த மணம் தகரத்துக்குத் தகரம் ஏறிக்கொண்டு போனது. எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. சாமி செத்துக் கிடக்கிற நாளில் கோழி கேட்கிறதா இவளுக்கு என்று மேட்டில் நின்று தனியாகக் கத்தினேன்.

பெரிய வெள்ளிக்குச் சாமியார் டவுன் கோயிலில் இருப்பார். எங்கள் கோயிலில் ரைட்டர்தான் வழிபாடு நடத்துவார். மூன்று மணிக்குச் சிலுவை முத்தி தொடங்கியது. நான் பீடத்துக்கு முன்னால் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சனங்கள் வரிசையாக வந்து முட்டி போட்டுப் பாதத்தில் முத்தி செய்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் கடைசியில் மரியபுஷ்பம் வந்தாள். முகம் வற்றி உதடு வெடித்திருந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை, அவள் கையிலிருந்து வந்த கோழி வாடைதான் மூக்கில் ஏறியது. அவள் முட்டி போட்டுக் குனிந்தாள். எனக்குப் பின்னாலிருந்து ரைட்டர், "லாசரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சிலுவையை மேலே தூக்கிக்கொண்டேன்.

அவள் குனிந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சரிங்கண்ணா" என்றாள். "அடுப்புல சாறு கெடக்குது, நான் போறனுங்க."

எழுந்து போய்விட்டாள். அந்தப் பேச்சு என்னை இன்னும் கிளப்பிவிட்டது. முத்தி முடிந்ததும் சிலுவையைப் பீடத்தில் வைத்துவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று லைனுக்கு இறங்கினேன். கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பாயில் அத்தாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கண் உள்ளே போயிருந்தது. முந்தின நாள் சாயந்திரம் வேலை விட்டுப் போகிற வழியில் தடத்திலேயே விழுந்துவிட்டாளாம், மரியபுஷ்பம்தான் தாங்கிக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறாள். அவளால் கரண்டி பிடிக்க முடியாது. அதனால் அன்றைக்குப் பொங்கியது மரியபுஷ்பத்தின் கை. அவள் குவளையை அத்தாயியின் வாயில் வைத்துப் பிடித்திருந்தாள். அத்தாயி கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை மார்பை வாயில் வைத்துக்கொண்டு சப்பியது. கொஞ்ச நேரம் சப்பிவிட்டு அழுதது. சின்ன அழுகைதான், ஆனால் சத்தம் வந்தது.

"கத்துதுங்கண்ணா" என்றாள் மரியபுஷ்பம் என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "நேத்திலிருந்து கத்தலைங்க."

அத்தாயி என்னைப் பார்த்ததும் பயந்துபோய்க் குவளையைத் தள்ளினாள். "ஊருக்குள்ள சொல்லிப்போடாதீங்க" என்றாள். மரியபுஷ்பம்தான் அவளைச் சமாதானப்படுத்தினாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுப்பில் சட்டியைப் பார்த்தேன். அடியில் வெறும் எலும்புதான் கிடந்தது.

"நீ சாப்பிட்டியாம்மா?"

"இன்னிக்குப் பெரிய வெள்ளி இல்லீங்களா" என்றாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா புஷ்பம்?"

அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, எனக்குப் பத்தொம்பது வயசுல ஒரு பையன் இருந்தானுங்களே. அந்தத் தவக்காலம் நான் நாப்பது நாளும் விடாம ஒருசந்தி இருந்தேன். பால் குடுக்கறவளுக்கு ஒருசந்தி வேண்டாம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலைங்க. நாலாவது வாரம் பாலு நின்னுபோச்சு. அஞ்சாவது வாரம் அவன் போயிட்டான். கல்லறைல வெச்சு உங்கப்பாரு எல்லார்கிட்டயும் சொன்னாரு, இவ புண்ணியவதி, புள்ளை செத்தும் ஒருசந்தி உடலைன்னு. எனக்கும் அப்போ அது பெருமையாத்தானுங்க இருந்துச்சு."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டு அத்தாயியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் தின்னாத சோறு எங்கயாச்சும் போகோணுமில்லீங்களா. அப்போ அது எங்கயும் போகலை. இப்போ போகுது. நீங்க மேல போங்கண்ணா, கஞ்சி ஊத்தற நேரமாச்சு."

மேலே போனேன். கோயில் வாசலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரைட்டர் தன் கையாலேயே எனக்கு ஒரு கிண்ணம் நீட்டினார். அத்தனை சனமும் நின்றது. அங்கேயே அந்தக் கிண்ணத்தை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு, பம்ப் ஸ்டவ்விலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. என் பெரிய மகனுக்கு எஸ்டேட்டில் வேலை போட்டுத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் இறங்கியது. பசி, குடித்துவிட்டேன்.

பாஸ்கா முடிந்து திங்கட்கிழமை டவுனுக்கு நடந்துபோய்ச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பால் கொடுக்கிறவளுக்கும் நோயாளிக்கும் உடம்பை முறித்து வேலை செய்கிறவனுக்கும் ஒருசந்தி கடன் இல்லை என்றார். நீ விடுகிற சோறு பசித்தவனுடையது, அதை அவனிடம் கொண்டு சேர்க்காதவரை நீ ஒருசந்தி இருக்கவில்லை, சும்மா பட்டினி கிடக்கிறாய் என்றார். இன்னொருத்தன் கஞ்சியை நிறுத்தியவன் தவம் செய்யவில்லை, திருடியிருக்கிறான் என்றார். ரைட்டர், தெரியாமல் நடந்துவிட்டது என்று முடித்துக்கொண்டார், கமிட்டித் தலைவர் பதவி மட்டும் அவரைவிட்டுப் போனது. கொட்டகையில் அடுப்பு மறுபடி எரிந்தது. ஒரு வருஷம் போனதும் அந்தச் சாமியார் வேறு ஊருக்கு மாறிப்போனார், ஆரோக்கியதாஸ் மறுபடி தலைவரானார். மரியபுஷ்பத்திடம் மன்னிப்புக் கேட்க எவனுக்கும் வாய் வரவில்லை.

எனக்கும் வரவில்லை. அதற்கப்புறம் பதின்மூன்று பெரிய வெள்ளி வந்தது. பதின்மூன்று தடவையும் அவள் வரிசையில் கடைசியாக வந்து, நான் பிடித்திருந்த சிலுவையில் முத்தி செய்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. சென்னம்மாள் என்று பேர் வைத்தார்கள். அத்தாயிக்கு உடம்பு தேறியதும் அவளே வளவில் போய், லைன் வீட்டுக் கையால் குடித்தேன் என்று சொல்லிவிட்டாள். மாமியார் ஒரு மாசம் பேசவில்லை. அடுத்த சாமை அறுப்பு முடிந்ததும் அந்தக் கிழவியே ஒரு படி சாமையைத் துணியில் கட்டிக்கொண்டு லைனுக்கு வந்தாள். அதிலிருந்து வருஷா வருஷம் முதல் படி மரியபுஷ்பத்துக்கு வந்துவிடும்.

போன வருஷம், தொண்ணூற்றேழில், மார்ச் மாசம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மரியபுஷ்பம் இறந்துபோனாள். காப்பிச்செடிக்குள் களை வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் அடக்கம். காலையில் நான் துக்க மணி அடித்துக்கொண்டிருந்தேன். குழி வெட்டுவதற்கு வளவிலிருந்து வெள்ளையனும் ஆட்களும் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள். வளவுப் பெண்கள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சென்னம்மாள் மேட்டில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பதினாலு வயசு, நல்ல உயரம்.

வழக்கமாகப் பத்து மணிக்கு எதிர்ச் சரிவில் அவர்கள் வளவு தெரியாது, அவ்வளவு புகை மூடியிருக்கும். அன்றைக்குப் பன்னிரண்டு கூரையும் துலக்கமாகத் தெரிந்தது.

"ஏன் கண்ணு, உங்க வளவுல யாருமே இல்லையா?" என்று கேட்டேன்.

"வயசானவங்க எல்லாம் ஊட்டுலதான் இருக்கறாங்க. அடுப்பு பத்த வைக்கலீங்க" என்றாள்.

"ஏன்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"எங்க ஊட்டுச் சாவுங்களே. மண்ணு போட்டுட்டு வந்துதானுங்க அடுப்பு."

"நேத்திலிருந்தா? பன்னெண்டு ஊட்டுலயுமா?"

"ஆமாங்க. கொழந்தைங்களுக்கு மட்டும் மாரமங்கலத்துல எங்க அத்தை ஊட்டுலயிருந்து கூழு வந்துச்சுங்க."

மணிக்கயிற்றைப் பிடித்தபடியே நான் இந்தப் பக்கம் திரும்பி எங்கள் லைனைப் பார்த்தேன். கடைசி வீட்டைத் தவிர இருபத்தைந்து கூரையிலும் புகை போய்க்கொண்டிருந்தது. நடுவில் என் வீட்டுக் கூரையிலும் போனது. அடக்கம் முடிந்து வந்ததும் நான் சாப்பிடுவதற்கு என் பெண்சாதி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலத்து நாலாம் வெள்ளி.